கை, மணிக்கட்டு வலி: காரணம் அறிவோம், காலத்தோடு கவனிப்போம்

தேநீர்க் குவளையைத் தூக்கும்போது மணிக்கட்டில் சுருக்கென்று வலிக்கிறதா? இரவில் கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறீர்களா? சட்டைப் பொத்தான் போட முன்பைவிட அதிக நேரம் ஆகிறதா?

"வயதானால் இதெல்லாம் வரத்தான் செய்யும்" என்று பலரும் தைலம் தேய்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பெரும்பாலான கைவலி, வேலை செய்யும் முறையைச் சற்று மாற்றினாலே குறையும். ஆனால், சில வகை வலிகளைத் தள்ளிப்போட்டால் கையின் பலம் குறைந்துவிடும். இழந்த பலம் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். உங்கள் வலி எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள இந்தக் கையேடு உதவும்.

நம் கையின் அமைப்பு

மணிக்கட்டையும் சேர்த்து ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றில் 8 சிறு எலும்புகள் மணிக்கட்டில் இருக்கின்றன. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் உள்ளன. அவற்றை விரல் எலும்புகளோடு இணைப்பவை கயிறு போன்ற தசைநார்கள்.

மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் குறுகலான ஒரு பாதை உண்டு. 9 தசைநார்களும் ஒரு நரம்பும் அதன் வழியாக நெருக்கமாகச் செல்கின்றன. அங்கே சிறிது வீக்கம் ஏற்பட்டாலும் நரம்பு அழுத்தப்படும். கை மரத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

1. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போதல்
மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதால் இது ஏற்படலாம். மருத்துவர்கள் இதைக் 'கார்ப்பல் டனல்' பிரச்சினை என்பார்கள். மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போகலாம். பொதுவாகச் சுண்டுவிரல் பாதிக்கப்படாது. இரவில் தொல்லை அதிகமாக இருக்கும். கையை உதறினால் சற்றுக் குறையும். நாளடைவில் பொருள்கள் கை நழுவி விழத் தொடங்கும். கட்டைவிரலுக்குக் கீழேயுள்ள சதைமேடு மெலிந்தால், நரம்பு நெடுநாளாகப் பாதிக்கப்பட்டுள்ளது என்று பொருள். அதுவரை காத்திருக்காதீர்கள்.

2. கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் வலி
கட்டைவிரலை அசைக்கும் தசைநார்களின் உறை வீங்குவதால் வரும் வலி இது. துணி பிழியும்போதும் பேரப்பிள்ளையைத் தூக்கும்போதும் கூடும். குழந்தையின் அக்குளில் கைகொடுத்து, கட்டைவிரலை விரித்துத் தூக்குவது இதை மோசமாக்கும்.

3. மடங்கிய விரல் பூட்டிக்கொள்ளுதல்
விரலை மடக்கினால் நிமிராது. பிறகு 'டக்' என்று விடுபடும். காலையில் அதிகமாக இருக்கும். மோதிரவிரலிலும் கட்டைவிரலிலும் அடிக்கடி வரும். இதற்கு 'டிரிகர் ஃபிங்கர்' என்று பெயர்.

4. மூட்டுத் தேய்மானம்
கட்டைவிரலின் அடிமூட்டிலும் விரல் நுனிக்கு அருகிலுள்ள மூட்டுகளிலும் வலி இருக்கும். நுனி மூட்டுகளில் கடினமான சிறு முடிச்சுகள் தோன்றலாம். போத்தல் மூடியைத் திருகுவதும் சாவியைத் திருப்புவதும் சிரமமாகும். காலை விறைப்பு பொதுவாக அரை மணி நேரத்திற்குள் தளர்ந்துவிடும்.

5. முடக்குவாதம்
இரு கைகளிலும் விரல்களின் அடிமூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும். சோர்வும் சேர்ந்து வரலாம். இது தேய்மானம் அன்று. உடலின் எதிர்ப்புச் சக்தி மூட்டுகளையே தாக்குவதால் வருவது. சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டுகள் சிதைவதைத் தடுக்க முடியும்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க

நீரிழிவு உள்ளவர்களுக்குக் கை மரத்துப்போவதும் விரல் பூட்டிக்கொள்வதும் வர வாய்ப்பு அதிகம். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும் கை மரத்துப்போகலாம். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பது கைகளுக்கும் நல்லது. வழக்கமான பரிசோதனைக்குப் பலதுறை மருந்தகத்திற்குச் செல்லும்போது கைத் தொல்லையையும் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று இருக்காதீர்கள்.

அன்றாட வேலைகளில் சிறு மாற்றங்கள்

• சந்தையில்: பிளாஸ்டிக் பைகளை விரல்களில் தொங்கவிடாதீர்கள். சக்கரம் வைத்த பையை இழுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

• துணி துவைக்கும்போது: ஈரத் துணியை முறுக்கிப் பிழியாமல், தொட்டியின் பக்கத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். மூங்கில் கழியில் குறைவான துணிகளைப் போட்டு, இரு கைகளாலும் தூக்குங்கள். கனமான போர்வைகளை வீட்டுக்குள் கொடியில் காயப்போடலாம்.

• சமையலறையில்: கனமான சட்டியை இரு கைகளாலும் பிடியுங்கள். கத்தி, கரண்டி ஆகியவற்றின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. மூடியைத் திறக்க ரப்பர் துண்டைப் பயன்படுத்துங்கள். தேங்காய் துருவுவது, சப்பாத்தி மாவு பிசைவது போன்ற வேலைகளை ஒரே மூச்சில் செய்யாமல் இடையிடையே கையை ஆறவிடுங்கள்.

• தீபாவளிப் பலகாரம்: முறுக்கு மாவு கெட்டியாக இருந்தால் அச்சைப் பிழிவது மணிக்கட்டுக்குப் பெரும் சுமை. மாவைச் சற்றுத் தளர்த்திப் பிசையுங்கள். பிழியும் வேலையை வீட்டில் உள்ளவர்கள் மாறி மாறிச் செய்யட்டும்.

• பேரப்பிள்ளையைத் தூக்கும்போது: ஒரு கையைக் குழந்தையின் பின்புறத்திற்குக் கீழும் மற்றொரு கையை முதுகுக்குப் பின்னும் கொடுத்து, உடலோடு அணைத்துத் தூக்குங்கள். எடையை முன்கை தாங்கட்டும்.

• கைத்தொலைபேசி: மேசைமேல் சாய்த்து வைத்துப் பாருங்கள். நீண்ட செய்தியைத் தட்டச்சு செய்வதற்குப் பதில் குரல் பதிவாக அனுப்பலாம்.

வீட்டிலேயே வலியைக் குறைக்க

• வலியைக் கூட்டும் வேலையைச் சில நாள்களுக்குக் குறையுங்கள். ஆனால், கையை முற்றிலும் அசைக்காமல் வைத்திருந்தால் விறைத்துவிடும்.

• காலை விறைப்புக்கு வெதுவெதுப்பான நீரில் சுமார் 10 நிமிடம் கையை வைத்திருங்கள். உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடு தெரியாது. ஆகவே நீரின் சூட்டை முதலில் முழங்கையால் தொட்டுப் பாருங்கள், அல்லது வீட்டில் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

• புதிதாக வீங்கியிருந்தால் பனிக்கட்டியைத் துண்டில் சுற்றி 10 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள்.

• இரவில் கை மரத்துப்போனால், மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை அணிந்து தூங்குங்கள். அதை இறுக்கமாகக் கட்ட வேண்டாம்.

எளிய பயிற்சிகள்

நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றையும் 5 முதல் 10 தடவை மெதுவாகச் செய்யுங்கள். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.

1. முன்கையை மேசைமேல் வைத்து, கையை மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். கையை மேலே உயர்த்தி, பிறகு கீழே இறக்குங்கள்.

2. விரல்களை நேராக நீட்டுங்கள். பிறகு கொக்கி போல வளையுங்கள். அடுத்து மெல்ல மூடுங்கள். மீண்டும் நீட்டுங்கள். பூட்டிக்கொள்ளும் விரலை வலிந்து மடக்க வேண்டாம்.

3. கட்டைவிரல் நுனியால் மற்ற நான்கு விரல்களின் நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள்.

மருந்துகளில் கவனம்

பாரசிட்டமால் எடுத்தால், பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவைத் தாண்டாதீர்கள். பல சளிக்காய்ச்சல் மாத்திரைகளிலும் அதே மருந்து இருக்கும். ஐபுபுரோஃபன், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கலாம். இரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிட்டாலோ, மருத்துவரைக் கேட்காமல் அவற்றை எடுக்க வேண்டாம்.

"மூட்டுவலி உடனே பறந்துவிடும்" என்று தெரிந்தவர்கள் தரும் மாத்திரைகளையும் இணையத்தில் விற்பவற்றையும் நம்பி வாங்காதீர்கள். அத்தகைய பொருள்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்டறிந்து எச்சரித்துள்ளது. அவற்றை ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால், திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும்?

• இரண்டு வாரம் கவனித்தும் வலி குறையவில்லை
• மரத்துப்போதல் அடிக்கடி வருகிறது, அல்லது நாள் முழுதும் இருக்கிறது
• பிடி தளர்ந்துவிட்டது. பொருள்கள் கை நழுவுகின்றன
• கட்டைவிரலின் சதைமேடு மெலிந்திருக்கிறது
• காலை விறைப்பும் மூட்டு வீக்கமும் நீடிக்கின்றன

வலி எப்போது தொடங்கியது, எந்த விரல்களில் இருக்கிறது, எந்த வேலையில் கூடுகிறது என்று குறித்துக்கொண்டு செல்லுங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் காட்டுங்கள். மருத்துவர் கைப்பட்டையோ பயிற்சியோ ஊசியோ பரிந்துரைக்கலாம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள்களுக்குச் சர்க்கரை அளவு உயரக்கூடும்; நீரிழிவு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நரம்பு அழுத்தத்திற்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலும், பெரும்பாலும் கையை மட்டும் மரத்துப்போகச் செய்து அன்றே வீடு திரும்பலாம்.

உடனடி உதவி தேவைப்படும் நேரம்

• கீழே விழுந்த பின் மணிக்கட்டு வீங்கினாலோ கோணலானாலோ, மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கையை அசைக்க முடிகிறது என்பதால் எலும்பு முறியவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

• கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தாலோ, விரல்கள் குளிர்ந்து வெளுத்தாலோ தாமதிக்காதீர்கள்.

• ஒரு கை திடீரெனப் பலமிழந்து, முகம் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். கைவலியோடு நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 995-ஐ அழையுங்கள்.

விழாமல் இருப்பதும் கைக்குப் பாதுகாப்பு. குளியலறைத் தரையை ஈரமில்லாமல் வைத்திருங்கள், கைப்பிடி பொருத்துங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களான மூத்தோர் வசிக்கும் வீவக வீடுகளுக்கு, 'ஈஸ்' திட்டத்தின்கீழ் இதற்கு மானியம் உண்டு.

இன்றிரவு தூங்குமுன் இரு கைகளையும் விளக்கொளியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீக்கமோ மெலிவோ மரத்துப்போதலோ தெரிந்தால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள்.