தென் மண்டலத்தைப் பிரிக்கலாமா?

சென்ற ஆண்டு எங்கள் கைப்பந்துக் குழு ஐதராபாத்திலிருந்து ஓர் இரவும் ஒரு பகலும் இரயிலில் சென்று, ஒரே ஓர் ஆட்டம் ஆடித் தோற்றுத் திரும்பியது. எதிர்த்து நின்றது தமிழ்நாட்டுக் குழு. அவர்கள் தமிழில் பேசிக்கொண்ட சூழ்ச்சி முழுவதும் எனக்கு விளங்கியது. ஆனால் அதை நான் தெலுங்கில் சொல்லி முடிக்குமுன் பந்து தரையில் விழுந்துவிட்டது!

அன்று முதல் விடுதியில் ஒரே விவாதம். தென் மண்டலத்தை இரண்டாகப் பிரித்தால் இத்துன்பம் தீருமா?

1929இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் தோன்றியபோது, சென்னை, மைசூர், உஸ்மானியா, ஆந்திரா ஆகியவற்றோடு சேர்த்துத் தென்னகத்தில் ஐந்தே பல்கலைக் கழகங்கள் இருந்தன. இன்றோ நூற்றுக்கு மேல். ஐவர்க்கு அமைந்த பந்தியில் நூற்றுவர் அமர்ந்தால் நெருக்கடி வாராதா? ஆகவே பிரிவினைப் பேச்சு இயல்பே. ஆயினும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

128 குழுக்கள் வருவதாகக் கொள்வோம். தோற்றவர் வெளியேறும் முறையில் ஓர் ஆட்டம் ஒரு குழுவை நீக்கும். எனவே நால்வரைத் தெரிந்தெடுக்க 124 ஆட்டங்கள் வேண்டும். முதற் சுற்றிலேயே 64 குழுக்கள் வீடு திரும்பும்.

இனி மண்டலத்தை 64, 64 எனப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இருவரைத் தெரிந்தெடுப்போம். 62ம் 62ம் சேர்ந்து அதே 124! முதற் சுற்றில் திரும்புவோரும் 32, 32 ஆக அதே 64. பயணத் தொலைவு சிறிது குறையலாம்; ஓர் ஆட்டத்தோடு முடியும் துயரம் குறையவில்லை.

மாறாக, நான்கு நான்காக 32 பிரிவுகள் அமைத்து, பிரிவுக்குள் ஒவ்வொருவரும் மற்ற மூவருடனும் ஆடினால் 192 ஆட்டங்கள். முதலிடம் பெறும் 32 குழுக்களிலிருந்து நால்வரைத் தேர 28. ஆக 220. ஆடுகளமும் நாளும் மிகுதியாக வேண்டும். ஆனால் எவரும் மூன்று ஆட்டங்களுக்குக் குறைந்து ஆடார்.

எல்லையை மாற்றுவதன் விளைவை அமெரிக்காவில் காணலாம். மேற்குப் பகுதிப் பல்கலைக் கழகங்கள் பன்னிரண்டு சேர்ந்த பழைய கூட்டணியொன்றிலிருந்து 2024இல் பத்து விலகின, இரண்டே எஞ்சின. தொலைக்காட்சிப் பணமே பெருங் காரணம். பசிபிக் கரையை அடுத்த ஸ்டான்போர்டு, அட்லாண்டிக் கரையின் பெயர் தாங்கிய கூட்டணியில் சேர்ந்தது! அதன் மாணவ வீரர்கள் இன்று கண்டத்தைக் குறுக்கே கடந்து ஆடச் செல்கின்றனர்.

நம் மண்டலத்தைப் பிரித்தால் ஐதராபாத் ஒரு பாதியிலும் தமிழ்நாடு மறு பாதியிலும் விழக்கூடும். அப்போது அந்தத் தமிழ்க் குழுவை நான் மீண்டும் எங்கே சந்திப்பது? ஆட்டம் முடிந்ததும் அவர்கள், "நீங்க எந்த ஊரு?" என்று வியந்து கேட்டுத் தம் தேநீரைப் பகிர்ந்துகொண்டார்கள். தோல்வி மறந்துவிட்டது, அக்கேள்வி மறக்கவில்லை.

எனவே தோழர்களே, மாற்ற வேண்டியது ஆட்ட முறையை. எல்லைக் கோட்டை அன்று.