கத்திரி தொடங்குமுன் லேப்டாப் ஃபேனைக் கவனியுங்கள்

சித்திரை பிறந்துவிட்டது. மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். வேலூர், திருத்தணி பக்கம் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பெரும்பாலான லேப்டாப்களை, சுற்றியுள்ள காற்று 35 டிகிரி வரை இருக்கும் என்ற கணக்கில்தான் தயாரிக்கிறார்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மதியம் 2 மணிக்கு அந்தக் கணக்கு எடுபடாது. அறை 8 டிகிரி கூடினால் பிராசஸரும் கிட்டத்தட்ட அதே அளவு கூடுதலாகக் கொதிக்கும். மார்கழியில் முனகிக்கொண்டே சமாளித்த பழைய ஃபேன் இப்போது அலறத்தான் செய்யும்.

2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் அண்ணனிடமிருந்து தங்கைக்குக் கைமாறி இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். ஒரே சீராக 'உஸ்' என்று இரைந்தால் அது காற்றின் சத்தம். 'கரகர', 'கடகட' என்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது இறக்கையில் ஏதோ உரசுகிறது. லேப்டாப்பை மெதுவாகச் சாய்க்கும்போது சத்தம் மாறினால் பெரும்பாலும் பேரிங்தான்.

அடுத்து, காற்று வெளியேறும் துவாரத்தின் அருகே உள்ளங்கையைக் காட்டுங்கள். ஃபேன் அலறுகிறது, காற்றோ வரவில்லை என்றால் தூசி அடைத்திருக்கிறது. காற்று பலமாக, சூடாக வந்தால் ஃபேன் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. வேலைச் சுமைதான் அதிகம். காற்று பலமாக வந்தும் சூடே இல்லை, பிராசஸர் மட்டும் 90 டிகிரியைத் தொடுகிறது என்றால் பிராசஸர் மேல் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோய், வெப்பம் அதை வெளியேற்றும் ஹீட்சிங்க் வரை வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அந்த வெப்பநிலையைக் காட்டிவிடும்.

சுமைதான் காரணம் என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசஸரை அதிகம் தின்பது எது என்று பாருங்கள். முப்பது டேப் திறந்த பிரவுசராகவோ, பின்னணியில் ஓடும் ஆன்டிவைரஸ் ஸ்கேனாகவோ இருக்கும். விண்டோஸின் பவர் ஆப்ஷனில் பிராசஸரின் உச்ச அளவு 100 சதவீதம் என்றிருப்பதை 99 ஆக்கினால் டர்போ வேகம் நின்றுவிடும். கட்டுரை டைப் செய்யவும் வீடியோ பாடம் பார்க்கவும் அந்த வேகம் தேவையே இல்லை. கோடை முடியும்வரை இப்படியே வைத்துக்கொள்ளலாம். சில மாடல்களில் இந்த வசதி மறைந்திருக்கும், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

தூசிதான் என்றால் வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்தாதீர்கள். ஃபேனுக்கும் ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில் தூசியும் முடியும் சேர்ந்து, கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது கொஞ்சம் நகர்ந்து திரும்பவும் அதே இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். கீழ்மூடியைக் கழற்றினால்தான் முழுதாக எடுக்க முடியும். சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ் போடுங்கள், ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் கண்டபடி சுழன்று பேரிங் கெட்டுவிடும். ஸ்குரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. எது எந்தத் துளையில் இருந்தது என்று காகிதத்தில் வரைந்து அதன் மேலேயே வையுங்கள். பழக்கமில்லாதவர்கள் துணிய வேண்டாம், சர்வீஸ்காரரிடம் கொடுங்கள். கொடுக்கும்போதே, "பேஸ்ட்டையும் மாத்திடுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஹீட்சிங்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டே ஆக வேண்டும்.

தேய்ந்த பேரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் சத்தம் அடங்கும். பிறகு எண்ணெய் பிசுபிசுத்து, தூசியை இழுத்து, ஃபேனையே நிறுத்திவிடும். புது ஃபேன் போடுவதுதான் வழி. மாடல் பெயரை மட்டும் நம்பாமல், பழைய ஃபேனின் லேபிளில் உள்ள பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. ஆன் செய்யும்போதே ஃபேன் எர்ரர் என்று திரையில் வந்தால், ஃபேனை மாற்றும்வரை அந்த லேப்டாப்பை ஓட்டாதீர்கள்.

மெத்தை மேல், தலையணை மேல் வைத்து வேலை பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். அடிப்பக்கத் துவாரம் மூடிக்கொள்ளும். பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தாலே வித்தியாசம் தெரியும். ஈரத்துணியை அடியில் விரிப்பதும், ஏர்கூலருக்கு நேர் எதிரே வைப்பதும் கூடாது. ஈரம் உள்ளே போனால் மதர்போர்டுக்கே ஆபத்து. டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ மூடி பிதுங்கியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில், கல்லூரி விண்ணப்பம் போடவும் கலந்தாய்வு பார்க்கவும் அடுத்த மாதங்களில் இந்த லேப்டாப்தான் வேண்டியிருக்கும். ஏப்ரல் முடிவதற்குள் சுத்தம் செய்துவிடுங்கள்.