என் கதை இவ்வளவுதானா?

(கடந்து வந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் மூன்று இங்கே. பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. பதில் அளிப்பவர் மனநல ஆலோசகர்.)

கேள்வி: எனக்கு 54 வயது. 1987-ல் பத்தாம் வகுப்பில் 500-க்கு 421 எடுத்தேன். பள்ளியிலேயே முதல் மார்க். பிளஸ் ஒன் சேர ஃபாரம்கூட வாங்கி வைத்திருந்தேன். 'பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்' என்று அப்பா நிறுத்திவிட்டார். தம்பியை மட்டும் படிக்க வைத்தார்கள். பதினெட்டு வயதில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஏதோ காலம் ஓடியது. தையல் கற்றுக்கொண்டேன், மகளிர் குழுவில் கடன் வாங்கி இரண்டு மெஷின் போட்டேன், ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், மகளை நர்சிங் படிக்க வைத்தேன். போன மாதம் அவள், 'அம்மா, நீ யார்கிட்ட பேசினாலும் கடைசியில அந்த டென்த் மார்க்லதான் வந்து நிக்கிற' என்றாள். அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. என் வாழ்க்கை அந்த ஒரு நாளோடு முடிந்துவிட்டதா? இந்த வயதில் மனதை மாற்றிக்கொள்ள முடியுமா?
— வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: முடியும் சகோதரி. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு நடந்தது அநியாயம். 'எல்லாம் நன்மைக்கே' என்று யாராவது சமாதானம் சொன்னால் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக உளவியலாளர் டான் மக்ஆடம்ஸ், 1980-களிலிருந்து மனிதர்களின் வாழ்க்கைக் கதைகளை ஆராய்ந்துவருகிறார். ஒருவரை முழுமையாக அறிய அவருடைய சுபாவமும் அவர் எதற்காகப் பாடுபடுகிறார் என்பதும் தெரிந்தால் போதாது, தன் வாழ்க்கையைப் பற்றி அவர் தனக்குள் சொல்லிக்கொள்ளும் கதையும் தெரிய வேண்டும் என்பது அவர் கருத்து. அந்தக் கதைகளில் அடிக்கடி தென்படும் இரண்டு வடிவங்களை அவர் சுட்டுகிறார். துன்பத்தில் தொடங்கி ஏதோ ஒரு நன்மையில் போய் முடிவது ஒன்று. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது ஒரு கட்டத்தில் கெட்டு, அதன் பிறகு வந்த எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதாகச் சொல்வது இன்னொன்று. இரண்டாவது வடிவம் ஓங்கியிருப்பவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். 1987-ம் ஆண்டுக்கு மார்க் இருக்கிறது, ஃபாரம் இருக்கிறது, அப்பா சொன்ன வார்த்தைகூட அப்படியே இருக்கிறது. அதற்குப் பிந்தைய முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான வாழ்க்கை ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. இன்னொன்றும் கவனித்தேன். முதல் பாதியில் முடிவுகளை எல்லாம் மற்றவர்கள் எடுக்கிறார்கள்: நிறுத்தினார்கள், கட்டிக் கொடுத்தார்கள். அந்த ஒற்றை வாக்கியத்தில் மட்டும் முடிவெடுத்துச் செய்பவர் நீங்கள்: கற்றீர்கள், கடன் வாங்கினீர்கள், மெஷின் போட்டீர்கள், சொல்லிக் கொடுத்தீர்கள், படிக்க வைத்தீர்கள். உங்கள் மகளுக்குத் தெரிந்த அம்மா அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறார். அவள் சொல்ல வந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் வளர்த்தெடுத்த 'கதைவழி சிகிச்சை'யில் கேட்கப்படும் முக்கியமான கேள்வி இதுதான்: நீங்கள் வழக்கமாகச் சொல்லும் கதைக்குள் அடங்காமல் வெளியே நிற்கும் சம்பவங்கள் எவை? படிக்க விடாமல் நிறுத்தப்பட்ட ஒரு பெண், ஊரில் மற்ற பெண்களுக்குக் கற்றுத் தருபவராக நிற்கிறார். 'படிப்பு போச்சு, எல்லாம் போச்சு' என்ற கதைக்குள் இதை எப்படி அடைக்க முடியும்?

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மக்ஆடம்ஸ் தன் நேர்காணலில் கேட்கும் முறை எளிமையானது. வாழ்க்கையை ஒரு புத்தகமாக நினைத்து அத்தியாயங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு வையுங்கள். பிறகு மிக உயர்ந்த தருணம், மிகத் தாழ்ந்த தருணம், திருப்புமுனை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுங்கள். கடைசியாக, அடுத்த அத்தியாயம் என்ன என்றும் எழுதுங்கள். 1987-ஐ விட்டுவிட வேண்டாம். அதற்கு ஓர் அத்தியாயம் கொடுங்கள், முழுப் புத்தகத்தையும் கொடுத்துவிடாதீர்கள். முதல் மெஷின் வீட்டுக்கு வந்த நாளைப் பற்றி அதே அளவு விவரத்தோடு எழுதுங்கள்: யார் தூக்கி வந்தார்கள், எங்கே வைத்தீர்கள், முதலில் யாருடைய ஜாக்கெட்டைத் தைத்தீர்கள்?

மனதை அழுத்தும் சம்பவங்களை எழுதுவது பற்றி உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதிய உடனே மனம் கனத்தது. அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. பிற்காலத்தில் நடந்த ஆய்வுகளில் இதன் பலன் மிதமாகவே தெரிந்தது. ஆகவே இதைச் சர்வரோக நிவாரணியாக எண்ண வேண்டாம். எழுத எழுதக் கலக்கம் கூடினால் நிறுத்திவிடுங்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸின் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

காயத்தை மறைக்காமல் தன் கதையைத் தானே சொன்னவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஏழு ஆண்டு துறவற வாழ்க்கையை விட்டு வெளியே வந்து எழுத்தாளர் பாமா எழுதிய தன்வரலாறான 'கருக்கு' 1992-ல் வெளிவந்தது. சாதி தந்த வலி எதையும் அதில் அவர் பூசி மெழுகவில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும் உரிமை அவர் கைக்கு வந்துவிட்டது.

கடைசியாக ஒரு தகவல். பத்தாம் வகுப்பு தேறியவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பிளஸ் டூ எழுத உச்ச வயது வரம்பு கிடையாது. எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். இந்த முறை முடிவு உங்களுடையது.

கேள்வி: என் அப்பா கடனில் நிலத்தை இழந்து, எங்களைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தார். நான் பட்ட கஷ்டம் எதுவும் 14 வயது மகளுக்குத் தெரியாது. 'தாத்தா ஊர்ல நமக்கு ஏன்ப்பா வீடு இல்ல?' என்று கேட்கிறாள். சொல்லலாமா? சொன்னால் தாழ்வு மனப்பான்மை வந்துவிடாதா?
— வாசகர், சென்னை

பதில்: சொல்லுங்கள். சரியான வயதில்தான் கேட்டிருக்கிறாள். சின்னக் குழந்தைகளால் நடந்ததைச் சொல்ல முடியும். ஆனால் 'இது நடந்ததால் நான் இப்படி ஆனேன்' என்று முன்னும் பின்னும் சேர்த்து ஒரு வாழ்க்கையாகப் பார்க்கும் திறன் விடலைப் பருவத்தில்தான் உருவாகிறது. உளவியலாளர்கள் தில்மன் ஹாபர்மாஸும் சூசன் பிளக்கும் 2000-ல் இதை விரிவாக விளக்கினார்கள். 'நான் யார்' என்ற கேள்வி பதின்பருவத்தின் மையம் என்று எரிக் எரிக்சன் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லியிருந்தார். அந்தக் கேள்விக்கு வேண்டிய சரக்கு குடும்பத்திலிருந்துதான் வர வேண்டும்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும் பிள்ளைகளுக்காக 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். அம்மா எங்கே வளர்ந்தார், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், உனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள் என்பது போன்ற கேள்விகள். அதிகம் தெரிந்துவைத்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தன. பதில்களை மனப்பாடம் செய்ய வைப்பதால் இது வந்துவிடாது. சாப்பிடும்போதும் பயணத்திலும் பேசிக்கொள்ளும் வீடுகளில்தான் பிள்ளைகளுக்கு இவை தெரிந்திருக்கின்றன.

டியூக் மூன்று வகைக் குடும்பக் கதைகளைச் சொல்வார். கீழே இருந்து மேலே வந்தோம் என்பது ஒன்று, எல்லாம் இருந்தது போய்விட்டது என்பது இன்னொன்று, ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்தன, ஆனாலும் சேர்ந்தே நின்றோம் என்பது மூன்றாவது. பிள்ளைக்கு அதிகம் தெம்பு தருவது மூன்றாவதுதான் என்பது அவர் கருத்து. நிலம் போனதைச் சொல்லுங்கள். நகரத்தில் முதல் வாடகை வீடு எப்படி இருந்தது, அட்வான்ஸ் பணம் எங்கிருந்து வந்தது, யார் கைகொடுத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். 'நாங்க பட்ட கஷ்டத்துக்கு நீ இப்படியா' என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். அப்படி முடித்தால் அவள் காதில் விழுவது கதையாக இருக்காது, குற்றச்சாட்டாகத்தான் இருக்கும்.

கேள்வி: எனக்கு 71 வயது. நூற்பாலையில் நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினில் வேலை பார்த்தேன். மில் மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் பேச உட்கார்ந்தால் மில் கதைதான் வருகிறது. 'அப்பா ஆரம்பிச்சுட்டார்' என்று பிள்ளைகள் எழுந்து போகிறார்கள். இது மறதி நோயின் ஆரம்பமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐயா, பழசைப் பேசுவது நோய் இல்லை. முதியவர்கள் பழசையே பேசுவதை மூளைத் தளர்ச்சி என்று ஒதுக்கிய காலத்தில், மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-ல் அதை மறுத்து எழுதினார். வாழ்ந்த வாழ்க்கையைக் கணக்குப் பார்ப்பது முதுமைக்கே உரிய இயல்பான மனவேலை என்றார். மேலும், நடுவயதைக் கடந்த எவரைக் கேட்டாலும் பத்து வயது முதல் முப்பது வயதுக்குள் நடந்தவையே அதிகம் நினைவுக்கு வரும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940-ல் விகடனில் தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு வயது 84. பதினாறு வயதையொட்டிப் போய்ச் சேர்ந்து, இருபத்தொரு வயது வரை மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த காலம் அந்த நூலில் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் நீங்களே கவனியுங்கள். உங்கள் கதை ஒவ்வொரு முறையும் மில் மூடிய நாளிலேயே போய் முடிகிறதா, அல்லது இழை ஒட்டக் கற்றுத்தந்த மேஸ்திரி, ஷிப்டு முடிந்து குடித்த டீ, நீங்கள் பழக்கிவிட்ட பையன்கள் என்று விரிகிறதா? விரிந்தால் நல்லது. ஒரே மனக்குறையைச் சுற்றிச் சுற்றி வந்தால், மனம் விட்டுப் பேச வேறொரு துணை தேவை. கேட்ட கேள்வியையே சற்று நேரத்தில் திரும்பக் கேட்பது, பழகிய வழி தப்புவது, காலையில் நடந்தது மறப்பது என்றிருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி உங்கள் பிள்ளைகளுக்கு: ஒரு சம்பவத்தைக் கவனித்துக் கேட்பவரிடம் சொன்னவர்கள், கவனம் சிதறிய ஒருவரிடம் சொன்னவர்களைவிட, பிற்பாடு அந்தச் சம்பவத்தை அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று உளவியலாளர் மோனிஷா பசுபதியின் ஆய்வு காட்டியிருக்கிறது. கேட்பவரும் சேர்ந்துதான் ஒருவருடைய கதை உருவாகிறது. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை செல்போனை ஓரமாக வைத்துவிட்டு அப்பாவிடம் நீங்களே கேளுங்கள்: ஓடுகிற ரிங் பிரேமில் அறுந்த இழையை எப்படி ஒட்டுவீர்கள், முதன்முதலில் யார் கற்றுக் கொடுத்தது? அவர் இதுவரை சொல்லாத ஒன்று நிச்சயம் வரும். அதைக் கேட்டு எழுதியும் வையுங்கள்.