நமக்கொரு வழிகாட்டி

"எங்களைக் கைதூக்கிவிட ஒருவரும் இல்லை." கிராமத்து இளைஞர், யுவதிகளோடு பேசும்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தையல் பழகியவர், கோழி வளர்க்கத் தொடங்கியவர், பரீட்சையில் தவறியவர் என்று பலரும் இதையே சொல்கின்றனர். இதில் உண்மை இல்லாமலில்லை. தனியே தட்டித் தடவி நடப்பவர் பாதி வழியில் சோர்ந்துவிடுகிறார். அனுபவசாலி ஒருவரின் துணை இருந்தால் பல பிழைகளையும் வீண் செலவையும் தவிர்க்கலாம். ஆனால் அந்தத் துணை வீடு தேடி வருவது அருமை. நாமே தேடிப் போக வேண்டும். எப்படித் தேடுவது, கிடைத்தபின் எப்படிப் பயன்பெறுவது என்பதை ஒருவரின் வாழ்க்கையை வைத்துச் சிந்திப்போம்.

கொப்பியோடு சென்றவர்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தை புடவைக் கடையொன்றில் கணக்கெழுதியவர். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாததால் இராமானுஜன் கல்லூரியில் புலமைப்பரிசிலை இழந்தார், பரீட்சையிலும் தவறினார். 1910இல் அவரிடம் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. கணிதம் எழுதிய கொப்பிகள் மட்டுமே இருந்தன.

அந்தக் கொப்பிகளோடு அவர் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே துணைக் கலெக்டராக இருந்த வி. இராமசுவாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகம் தோன்றக் காரணமானவர். இராமானுஜன் அவரிடம் கேட்டது ஒரு சிறு எழுதுவினைஞர் வேலை. கொப்பிகளைப் புரட்டிப் பார்த்த ஐயர் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. இத்தகைய திறமை அங்கே முடங்கிவிடக் கூடாதென்று எண்ணி, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார்.

அந்த வழியே அவர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தார். ராவ் முதலில் ஐயப்பட்டார். இராமானுஜன் மனம் தளரவில்லை. ராவுக்கு விளங்கக்கூடிய எளிய முடிவுகளை முதலில் காட்டி, படிப்படியாகக் கடினமானவற்றுக்கு அழைத்துச் சென்றார். ராவ் சில காலம் மாதாந்தம் பணம் கொடுத்து உதவினார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபா மாதச் சம்பளத்தில் இராமானுஜன் எழுதுவினைஞரானார். அங்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டில் கணக்குப் போட்டனர். மற்றவர்களுக்கும் விளங்கும்படி இடைப்படிகளை எழுதுமாறு ஐயர் அவரைத் தூண்டினார்.

1913 ஜனவரி 16ஆம் திகதி கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். அதற்கு முன்பு அங்குள்ள வேறு இருவருக்கு எழுதியும் உதவி கிடைக்கவில்லை. ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தாம் யார், என்ன வேலை செய்கிறார், எவ்வளவு சம்பளம் என்பதை மறைக்காமல் சொல்லி, தமது கண்டுபிடிப்புகள் பலவற்றையும் இணைத்திருந்தார். ஹார்டி பதில் எழுதினார். வெறும் பாராட்டோடு நிற்காமல் நிரூபணங்களைக் கேட்டார். 1914இல் இராமானுஜன் இங்கிலாந்து சென்றார். 1918இல் றோயல் கழகத்தின் உறுப்பினரானார்.

நாம் கற்க வேண்டியவை

1. வெறுங்கையோடு போகாதீர்கள். "ஐயா, எனக்கு வெங்காயச் செய்கை சொல்லித் தாருங்கள்" என்று கேட்டால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? "என் வெங்காயத்தில் தாள் நுனி கருகுகிறது. பிடுங்கிக் கொண்டு வந்திருக்கிறேன். நான்கு நாளுக்கொரு முறை தண்ணீர் இறைக்கிறேன். எங்கே பிழை?" என்று கேட்டுப் பாருங்கள். செய்த வேலையைக் காண்பவர் ஆளையும் அறிந்துகொள்வார்.

2. ஒருவர் மறுத்தால் நின்றுவிடாதீர்கள். தம்மால் இயலாதபோதும் அவர் இன்னொருவரைக் காட்டக்கூடும். "இதை யாரிடம் கேட்கலாம்?" என்ற கேள்வியைக் கேட்காமல் திரும்பாதீர்கள். திருக்கோவிலூரில் கேட்ட வேலை கிடைத்திருந்தால் இராமானுஜன் அங்கேயே தங்கியிருக்கக்கூடும்.

3. திருத்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். கடிதத்தில் பகா எண்கள் பற்றி இராமானுஜன் எழுதிய சில முடிவுகள் பிழையானவை என்று ஹார்டி கண்டார். அதனால் உறவு முறியவில்லை. பாராட்டை மட்டும் எதிர்பார்த்துப் போகிறவர் கற்றுக்கொள்வது கொஞ்சமே.

4. சொன்னதைச் செய்து, திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். பலர் ஆலோசனை கேட்பர். பின்னர் அந்தப் பக்கமே போகார். பலித்ததா, பலிக்கவில்லையா என்று அறிந்தால்தான் வழிகாட்டியால் அடுத்த படியைச் சொல்ல முடியும். திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்லது.

5. உழைப்பைச் சுரண்டுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பழகும் காலத்தில் கூடமாட உதவுவது முறை. ஆனால் மாதக்கணக்காக வேலை வாங்கி ஒன்றும் சொல்லித் தராதவர் வழிகாட்டி அல்லர். எத்தனை நாள், எதைப் பழகுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். யுவதிகள் வீட்டாருக்கோ சங்கத்துக்கோ தெரிவித்துவிட்டு, நாலுபேர் காணும் இடத்தில் பழகுவது பாதுகாப்பானது.

ஒருவர் போதாது

இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இராமானுஜன் மரக்கறி உணவு மட்டும் உண்பவர். தாமே சமைத்துச் சாப்பிட்டார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் வேண்டிய உணவுப் பொருட்கள் கிடைப்பது கடினமாயிற்று. குளிரும் தனிமையும் சேர்ந்தன. 1917இல் கடும் நோய்வாய்ப்பட்டார். 1919இல் நாடு திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் திகதி தமது 32ஆவது வயதில் காலமானார். கணிதத்தில் ஹார்டியை விடச் சிறந்த துணை அவருக்குக் கிடைத்திருக்க முடியாது. ஆனால் சாப்பாட்டுக்கும் சுகத்துக்கும் வீட்டு நினைவுக்கும் வேறொரு துணை வேண்டியிருந்தது.

ஆகவே தொழிலுக்கு ஒருவர், கணக்கு வழக்குக்கு ஒருவர், மனக் கஷ்டத்தைச் சொல்ல ஒருவர் என்று பலரைத் தேடிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒருவர் தலையில் ஏற்றுவது அவருக்கும் பாரம், நமக்கும் ஆபத்து. வழிகாட்டும் பெரியவர்களும் "வேலை எப்படி?" என்பதோடு நிற்காமல், "சாப்பிட்டாயா? நித்திரை வருகிறதா?" என்றும் கேட்பது நல்லது.

இராமானுஜனோடு வேலை செய்ததைத் தமது வாழ்வின் பெரும் பேறாக ஹார்டி கருதினார். கற்பிப்பவரும் பெறுகிறார். ஆகையால் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நாம் பழகிய தொழிலை நாளை இன்னொருவருக்குக் காட்டிக் கொடுப்பதே நன்றிக்கடன்.

குழுவாகக் கலந்துரையாட

1. நீங்கள் இப்போது பழக விரும்பும் ஒரு வேலை எது? அதை நன்றாகச் செய்பவர் உங்கள் ஊரில் யார்?
2. அவரிடம் போகும்போது எதைக் கொண்டு போவீர்கள்? முதலில் கேட்கும் கேள்வி என்ன?
3. உங்களிடம் வந்து பழகக்கூடிய ஒருவர் உண்டா? அவருக்கு எதைக் காட்டிக் கொடுக்கலாம்?