மின் அட்டையும் ஒரு மூட்டைச் சாம்பலும்

பெருந்தொற்றுக்குப் பின் 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தன. சில வாரங்கள் கழித்து என் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம், ஊரடங்கில் அவர்கள் பார்த்த வானத்தை வரையச் சொன்னேன். பெரும்பாலோர் ஒரே படத்தைத்தான் வரைந்தார்கள். மூடிய ஆலைக் கதவு, புகையில்லாப் புகைபோக்கி, நீல வானம், இரண்டு பறவைகள். மாத்தூரில் வளரும் பிள்ளைக்குப் புகைபோக்கி வரையச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்கே மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை; அதற்கும் அப்பால் எண்ணூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்கள்.

படங்களைச் சுவரில் ஒட்டி, "பூமி ஓய்வெடுத்தது" என்று தலைப்பும் எழுதிவிட்டேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் சொன்னான்: "காத்து நல்லாதான் இருந்துச்சு டீச்சர். ஆனா எங்க நைனாவுக்கு வேல இல்ல. ரேஷன் அரிசிதான்."

அவன் தந்தை ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. அவன் சொன்னதும் என் தலைப்பு எனக்கே பொருந்தாமல் போயிற்று. அவன் வீட்டின் பட்டினியை நான் பூமியின் ஓய்வு என்று எழுதியிருந்தேன். தலைப்பை எடுத்துவிட்டு, அந்த வாக்கியத்திலிருந்தே ஆற்றல் பாடத்தைத் தொடங்கினேன். வேலை நின்றதால் வந்த தூய காற்று ஒன்று. வேலை நடக்கும்போதே எரிபொருள் மாறியதால் வரும் தூய காற்று மற்றொன்று. இந்த வேறுபாடு பிடிபட்டால் "தூய ஆற்றல்" என்ற சொல் பாடநூலிலிருந்து இறங்கி வந்துவிடுகிறது. எங்களுக்கு ஆறு பாடவேளைகள் ஆயின. நடந்ததை இங்கே பகிர்கிறேன்.

வெள்ளை அட்டையில் இருந்த முரண்

முதல் வீட்டுப்பாடம், வீட்டு மின் அட்டையில் 2019, 2020 கோடைகால யூனிட்டுகளைப் பார்த்து எழுதிவருவது. தொகை வேண்டாம், யூனிட் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். யார் வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்பது வகுப்பில் பேசுபொருளாகக் கூடாது. இன்னொன்று, நம் பிள்ளைகளில் பலர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். அட்டை வீட்டுக்காரரிடம் இருக்கும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தனியாகக் கொடுப்பார்கள். 100 யூனிட் இலவசம் என்பது அந்த வீடுகளுக்கு எட்டுவதே இல்லை. அவர்களை அட்டை கொண்டுவந்தவர்களோடு குழுவாக உட்காரவைத்தேன்.

பல அட்டைகளில் 2020 கோடையில் ஒரு கணக்கீடு விடுபட்டிருந்தது. அப்போது கணக்கெடுக்க ஆள் வர முடியவில்லை. முந்தைய கட்டணத்தையே செலுத்தச் சொல்லி, பிறகு நான்கு மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கெடுத்தார்கள். இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் 2019ஐ விட 2020இல் பயன்பாடு கூடியிருந்தது. எல்லோரும் வீட்டிலேயே இருந்தோம். விசிறியும் தொலைக்காட்சியும் நாள் முழுக்க ஓடின.

வீட்டில் மின்சாரம் கூடியிருக்கும்போது அனல்மின் நிலையங்களில் உற்பத்தி எப்படிக் குறைந்தது? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, வகுப்பு கேட்டது. விடைக்கு அவர்களை ஒரு நாள் விட்டுவிட்டேன். மறுநாள் வந்த பட்டியலில் ஆலைகள், மின்சார ரயில், கடைகள், திரையரங்கு, அலுவலகம் எல்லாம் இருந்தன. 2020 ஏப்ரலில் இந்தியாவின் மொத்த மின்பயன்பாடு முந்தைய ஆண்டின் ஏப்ரலை விட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. சூரிய, காற்றாலை மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவற்றுக்கு எரிபொருள் செலவும் இல்லை. எனவே தேவை குறைந்தபோது தணிக்கப்பட்டவை நிலக்கரி உலைகள்தாம். அந்த வாரங்களில் நாட்டின் மின்சாரத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு உயர்ந்ததற்குப் புதிய தகடுகள் காரணமல்ல. அடியெண் சுருங்கியதுதான் காரணம். சதவீதக் கணக்குக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. கணித ஆசிரியரோடு சேர்ந்து நடத்தலாம்.

ஒரு வீட்டின் சாம்பல்

அடுத்த பாடவேளை முழுக்கக் கணக்கு. அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.7 கிலோ நிலக்கரி எரிகிறது. ஒடிசாவிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் எண்ணூருக்கு வரும் நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பல். 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவழிக்கும் வீடு, அத்தனையும் நிலக்கரி மின்சாரமாக இருந்தால், 140 கிலோ நிலக்கரியை எரித்திருக்கும். அதில் மிஞ்சும் சாம்பல் 49 கிலோ, அதாவது ஒரு சிமெண்டு மூட்டை எடை. கரியமில வாயு யூனிட்டுக்கு ஒரு கிலோவை ஒட்டி வரும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வாயுவை விட, மூட்டைச் சாம்பல்தான் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தியது. "வருஷத்துக்கு ஆறு மூட்டை டீச்சர், எங்க வீட்ல வைக்க எடமே இல்ல" என்றாள் ஒரு மாணவி.

பிறகு பெரிய கணக்கு. வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலையில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று. ஓர் அலகு முழுத்திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 2,10,000 யூனிட். 147 டன் நிலக்கரி. சுமார் 51 டன் சாம்பல். அதில் ஒரு பகுதி சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. மற்றது நீரில் கரைக்கப்பட்டுக் குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிறது. அந்தக் குழாய்க் கசிவால் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்து, இறாலும் நண்டும் குறைந்துபோனதாக மீனவர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருவது உங்களுக்குத் தெரியும். எண்ணூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் இந்தப் பாடத்துக்கு விருந்தினர் வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து அழைக்க வேண்டாம். வலை வீசும் தாத்தா ஒருவர் போதும்.

மீட்சி எந்தப் பக்கம் போனது

இந்த இடத்தில் உலகத்தைக் கொண்டுவந்தேன். ஆற்றல் பயன்பாட்டிலிருந்து வெளியாகும் கார்பன் டைஆக்சைடு 2020இல் உலக அளவில் 5 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2021இல் 6 சதவீதம் உயர்ந்து, அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. நின்றதால் வந்த தூய்மை ஓராண்டு கூடத் தாங்கவில்லை.

இந்தியாவில் மீட்சி இரண்டு வண்டிகளில் ஏறிப் போனது. 2020 ஜூனில் தனியார் வணிகச் சுரங்கங்களுக்கான நிலக்கரி ஏலம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் குஜராத்தில் நடந்த சூரிய மின்சார ஏலத்தில் யூனிட் விலை 1 ரூபாய் 99 காசுக்கு இறங்கியது. 2021 அக்டோபரில் ஆலைகள் மீண்டும் வேகமெடுக்க, சுரங்கங்களில் மழைநீர் நிற்க, இறக்குமதி நிலக்கரி விலை ஏற, பல அனல்மின் நிலையங்களில் சில நாள் இருப்பே எஞ்சியது. அடுத்த மாதமே கிளாஸ்கோ மாநாட்டில், 2030க்குள் 500 ஜிகாவாட் புதைபடிவமற்ற மின்திறன், 2070இல் நிகர சுழியம் என்று இந்தியா அறிவித்தது. நான்கு செய்திகளையும் கரும்பலகையில் தேதி வரிசையில் எழுதி, மீட்சி தூய்மையானதா என்று கேட்டேன். இரண்டு அணிகளாகப் பிரிந்து வாதாடினார்கள். தீர்ப்புச் சொல்ல நான் மறுத்துவிட்டேன்.

"அப்ப எல்லாத்தையும் சூரியனுக்கு மாத்திடலாமே?" என்ற கேள்வி எழாமல் இருக்காது. அதற்கு 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணியைச் சொன்னேன். விளக்கணைத்து அகல் ஏற்றியது எல்லாப் பிள்ளைகளுக்கும் நினைவிருக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் நாட்டின் மின்தேவை 31,000 மெகாவாட்டுக்கும் மேல் சரிந்து, உடனே மீண்டும் ஏறியது. அனல் உலையை அவ்வளவு வேகமாகத் தணிக்கவோ ஏற்றவோ முடியாது. அன்று முக்கியமாகக் கைகொடுத்தவை நீர்மின் நிலையங்கள். மின்சாரத்தை அந்த நொடியிலேயே உண்டாக்கி அந்த நொடியிலேயே செலவழிக்க வேண்டும் என்பதை இதைவிட எளிதாக நான் விளக்கியதில்லை. சூரியன் மாலையில் போய்விடும். நம் மாநிலத்தின் காற்றாலைகள் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை சுழல்பவை. எஞ்சியதைச் சேமிக்க வேண்டும். காடம்பாறையில் மிகுதி மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள்.

கூரையும் வேலையும்

கடைசி இரண்டு பாடவேளைகளை மொட்டை மாடியில் நடத்தினோம். ஒரு கிலோவாட் சூரியத் தகட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். சென்னையில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, கைப்பிடிச் சுவரின் நிழல் எல்லாம் போக எங்களுக்கு மிஞ்சியது 900 சதுர அடி. ஒன்பது கிலோவாட், நாளைக்கு 36 யூனிட். பள்ளி நடக்கும் நேரமும் வெயில் நேரமும் ஒன்றுதான் என்பதால் சேமிப்புக் கலன் இல்லாமலே வகுப்பறை விசிறிகளை ஓட்டிவிடலாம். நம் பகுதியில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு மாணவி தரையில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள், கறுப்புத் தூசு. வாரம் ஒரு முறையாவது தகட்டைக் கழுவ வேண்டும், அதற்கான தண்ணீரையும் சேர்க்க வேண்டும் என்றாள். இவ்வளவும் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களைப் பகலில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அனுப்புங்கள். அங்கே கூரைத் தகடுகள் 1.5 மெகாவாட் திறனுள்ளவை.

அந்த மாடியில்தான் முதல் நாள் பேசிய மாணவன் மீண்டும் கேட்டான்: "கரி வேணாம்னு மூடிட்டா, நைனா எங்க போவாரு?" நான் மழுப்பவில்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட் திறனோடு இயங்கி, 2017 மார்ச்சில் மூடப்பட்டதைச் சொன்னேன். நிரந்தரப் பணியாளரை வேறு நிலையத்துக்கு மாற்ற முடியும். ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலி வாங்குபவருக்கு அப்படி ஓர் ஆணை வராது என்றும் சொன்னேன். அதனால் தூய ஆற்றல் பற்றிய எந்தத் திட்டத்தைப் படித்தாலும், எத்தனை மெகாவாட் என்பதோடு, வேலை யாருக்கு, எந்த ஊரில், என்ன பயிற்சியோடு என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தேன். என் கருத்தில் இந்தப் பாடத்தின் முக்கியமான வினா அதுதான். மதிப்பெண் எத்தனை என்று முடிவுசெய்ய எனக்கு இன்னும் தெரியவில்லை. தகடு பொருத்துவதற்கும் மின்கம்பி இழுப்பதற்கும் எந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் என்ன பிரிவு இருக்கிறது என்று அவனும் இன்னும் மூன்று பேரும் விசாரித்து எழுதி வருகிறார்கள்.

கூரை அளவு இன்னும் முடியவில்லை. பிற்பகல் இரண்டரைக்கு மேல் வேப்பமர நிழல் மேற்கு மூலையில் 150 சதுர அடியை மூடிவிடுகிறது. மரக்கிளையை வெட்டுவதா, தகட்டைக் குறைப்பதா என்பதில் எட்டாம் வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வெட்ட வேண்டாம் என்பவர்கள் இப்போதைக்கு நான்கு பேர் கூடுதல்.