சமுதாய வானொலியின் ஒலிக் களஞ்சியம்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. பெரம்பலூரும் அரியலூரும் அந்நாளில் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தனவே. 1966-இல் ஆடுதுறை 27 என்னும் நெல்லின் சிறப்பை அந்நிலையம் பரப்பியபோது, தஞ்சை உழவர்கள் அதனை 'வானொலி நெல்' என்றே அழைத்தனர். வானொலிச் சொல்லுக்கு வயலில் அத்துணை மதிப்பு உண்டு.

2006-ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கொள்கை, கல்வி நிலையங்களோடு தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் சமுதாய வானொலி நடத்த வழி வகுத்தது. இந்நிலையங்கள் சுற்றுவட்டாரத்திற்கு மட்டும் ஒலிபரப்புவன; நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூரில் உருவாக வேண்டும். பணியாளரோ சிலர். ஆதலின் கணினி நிரலே பாட்டையும் உரையையும் வரிசைப்படி ஒலிக்கச் செய்கிறது. ஆனால், எதை எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை மனிதரே வகுத்துத் தரவேண்டும். விதை நெல்லை ரகம் பிரிக்காமல் கொட்டிவைத்தால் விதைப்பு நாளில் நேரும் இடர்ப்பாடு இங்கும் நேரும். பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

முதலாவது, பெயரிடுதல். ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பு, பாடியவர் அல்லது பேசியவர், ஊர், பதிவு செய்த நாள், பொருள் ஆகிய ஐந்தையும் ஒரே முறையில் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, சுழற்சி. ஒரு பாட்டு ஒலித்தபின் எத்தனை மணி நேரம் கழித்தே மீண்டும் வரலாம் என விதி அமைக்க வேண்டும். நடவுப் பாட்டு, தாலாட்டு, திரையிசை ஆகியவற்றைத் தனித்தனி வகையாக்கினால் எதுவும் மிகாது, எதுவும் மறையாது.

மூன்றாவது, கால எல்லை. இதுவே தலையாயது. 2018-இல் மக்காச்சோளத்தைத் தாக்கிய படைப்புழுவைப் பயிரின் இளங்குருத்துப் பருவத்திலேயே அடக்க வேண்டும். கதிர் முற்றியபின் அவ்வுரை ஒலித்துப் பயனில்லை. எண்டோசல்பான் மருந்தை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. முந்திரிக்கோ பருத்திக்கோ அதனைப் பரிந்துரைக்கும் பழைய உரையொன்று களஞ்சியத்தில் கிடந்து தானே ஒலிக்குமாயின், கேட்கும் உழவருக்குக் கேடே விளையும். 'ரிவெண்டெல்' போன்ற இலவச நிரல்களில் ஒவ்வொரு பதிவுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் குறிக்க இடமுண்டு. அதை நிரப்பாமல் எந்த வேளாண் உரையையும் வரிசையில் சேர்த்தல் ஆகாது.

நான்காவது, உரிமையும் பாதுகாப்பும். திரைப்பாடல்களுக்கு உரிமம் பெற வேண்டும்; ஊர்ப் பாடகரிடம் ஒப்புதல் பெற வேண்டும். ஒலிபரப்பியவற்றை மூன்று மாதம் காக்க வேண்டுமென்பது 2006-ஆம் ஆண்டுக் கொள்கையின் விதி. ஊர் மூதாட்டியின் ஒப்பாரியும் தாலாட்டும் என்றும் காக்கத் தக்கன. அவற்றின் படி ஒன்றை வேறு கட்டடத்தில் வைத்தல் வேண்டும். ஒரே வட்டு பழுதுற்றால், பாடியவர் மறைந்தபின் அப்பாட்டை மீட்க வழியில்லை.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் இதில் பங்குண்டு. தம் ஊரின் விதைப்புக் காலத்தையும் திருவிழா நாட்களையும் நிலையத்தாருக்கு முன்கூட்டித் தெரிவிக்கலாம். மாதம் ஒருமுறை வேளாண் அலுவலருடன் அமர்ந்து உரைகளின் பட்டியலைப் பார்வையிட்டு, காலங்கடந்தவற்றை நீக்கச் செய்யலாம். ஊர் மக்கள் நம்பும் குரல் பிழையற்றதாக இருத்தல் நம் அனைவரின் பொறுப்பாகும்.