சித்தன்னவாசலில் ஒரு ஆசிரியர்

(இரண்டாமாண்டு, சிவில் பிரிவு)



சித்தன்னவாசல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தாமரைக் குளமும் நடன மங்கையும்தான். நம்ம மாவட்டத்துக்காரர்கள் எல்லோரும் ஸ்கூல் டூரிலேயே பார்த்திருப்போம். நான் எழுத வந்தது அந்த ஓவியத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு ஆளைப் பற்றி. அவர் பெயர் இளங்கௌதமன்.

புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டரில், குன்றின் மேற்குச் சரிவில் குடைந்திருக்கும் சின்னக் குடைவரைதான் அறிவர் கோவில். அதன் வெளிப்பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அவனிபசேகர ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னால் ஒரு முகமண்டபமும் எடுத்தார் என்பது அதன் செய்தி. அந்த அரசன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் (815-862) என்கிறார்கள். முன்பு இந்த ஓவியங்களை மகேந்திரவர்ம பல்லவன் காலம் என்றே எழுதி வந்தார்கள். இந்தக் கல்வெட்டைப் படித்த பிறகுதான் பாண்டியர் கணக்குக்கு வந்தது. இப்போது நாம் பார்க்கும் ஓவியம் இவர் செய்த புதுப்பிப்பின்போது தீட்டியது என்பது அறிஞர்கள் கருத்து. அதற்கு அடியில் இன்னும் பழைய பூச்சு ஒன்றும் இருக்கிறது.

கல்வெட்டு என்றால் ராஜா பெயர்தான் பெரிதாக இருக்கும். இங்கே வேலை செய்வித்தவர் தன்னை "ஆசிரியன்" என்று சொல்லிக்கொள்கிறார். சமணத்தில் ஆசிரியர் என்றால் வெறும் வாத்தியார் இல்லை. துறவிகளை நடத்திச் செல்லும் குரு. அந்தக் கோவிலே குருவுக்கு இடம் கொடுத்த கோவில்தான். உள்மண்டபத்தின் தென்சுவரில் பாம்புக் குடையின் கீழ் பார்சுவநாதர் இருக்கிறார். எதிரே வடசுவரில் ஒற்றைக் குடையின் கீழ் ஒரு ஆசாரியர். பக்கத்தில் "திருவாசிரியன்" என்று எழுத்தே பொறித்திருக்கிறது. கடவுளுக்கு நேர் எதிரில் ஒரு வாத்தியார், பாருங்களேன்!

இனி நம்ம பாடத்துக்கு வருவோம். கருங்கல்லில் நேரடியாக வண்ணம் பூசினால் நிற்காது. அதனால் முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த முரட்டுப் பூச்சு, சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அதன் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அரை மில்லிமீட்டர்தான். அது காய்ந்த பிறகு ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண், பச்சைக்குப் பச்சை மண். நீலம் லாப்பிஸ் லாசுலி என்கிறார்கள். அந்தக் கல் அந்தக் காலத்தில் ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வரவேண்டியது.

ஏன் எல்லாமே மண்ணும் கல்லும்? சுண்ணாம்பு காரம். இலை, பூவில் எடுக்கிற சாயம் பலதும் அதில் வெளுத்துப் போகும். நாம் படித்த சமன்பாடுதான்: சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடு, தண்ணீர் விட்டு நீற்றினால் ஹைட்ராக்சைடு, சுவரில் பூசியதும் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடியும் கல். ஈரமாக இருக்கும்போதே தீட்டினால் வண்ணம் அந்தக் கல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு தீட்டினால் மேலே ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். தண்ணீர் கசிந்தாலோ கை பட்டாலோ உதிரும். சித்தன்னவாசலில் பாதிக்கு மேல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இளங்கௌதமன் எந்த விகிதத்தில் கலந்தார், எத்தனை நாள் காயவிட்டார்? ஒரு வரி கூட எழுதி வைக்கவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் பிற்காலத்து ரசாயன நிபுணர்கள் பூச்சைச் சோதித்துச் சொன்னதுதான்.

இந்த இடத்தில் ஜெர்மனியில் வாழ்ந்த ஒரு துறவியைச் சொல்லவேண்டும். இத்தாலியில் 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த விதிப்படி, துறவிகள் ஜெபத்தோடு கைவேலையும் செய்யவேண்டும். அந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று கருதப்படும் ஒருவர், தியோஃபிலஸ் என்ற புனைபெயரில் 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் ஒரு நூல் எழுதினார். மூன்று பாகம்: வண்ணம், கண்ணாடி, உலோகம். ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் குழைப்பது முதல் மணி வார்ப்பது வரை, மகனே என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். பொற்கொல்லராக இருந்த ரோஜர் என்ற துறவிதான் அவர் என்று பலர் சொல்கிறார்கள். அவர் ஆள் யாரென்று சண்டை இருக்கலாம். வேலை என்னவென்று சண்டையில்லை. நம்ம ஆசிரியருக்கோ பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, செய்முறைதான் இல்லை.

எனக்கு இது பெரிய விஷயமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. எங்கப்பா கொத்தனார். எங்க வீட்டில் முதன்முதலில் காலேஜ் வாசல் மிதித்தது நான்தான். மாடித் தளத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் விட்டு இடிக்கிற வேலை அப்பாவுக்குத் தண்ணிபட்ட பாடு. சுண்ணாம்பு பக்குவமாச்சா என்று கரண்டியில் எடுத்து, அது வழுக்கி விழுகிற விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். நம்ம புத்தகத்தில் சுண்ணாம்புக்கு இருப்பது சில பக்கம்; கடுக்காய் அதில் இல்லவே இல்லை. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.

இளங்கௌதமன் எடுத்த முகமண்டபம் இன்று இல்லை. இப்போது முன்னால் நிற்பது 20ஆம் நூற்றாண்டில் சமஸ்தானத்தார் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து கட்டியது. அடுத்த தடவை போனால் நடன மங்கையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள், வடசுவரையும் பாருங்கள்.

லீவு நாட்களில் அப்பா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. கடுக்காயை எத்தனை நாள் ஊறப் போடுவது என்பதில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இன்னும் ஒத்து வரவில்லை. ரெண்டு பேர் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறேன்.